முளைக்கதுக்கு எதுக்குலே இம்புட்டுப் பவுசு?

ஏலே பேராண்டி, அந்த அட்டைப்பெட்டிய இங்கன கொண்டா, பாப்போம். என்னதுலே இது? தேங்காநாருல அமுக்குன வில்லை ஒரு டசன். தண்ணி பீச்ச ஒரு குப்பி. மண்ணுல புளிப்பு இருக்கான்னு பாக்கக் கலர்க் காயிதம். ஊதாவா எரியுத லைட்டு ஒண்ணு. போன்ல ஒரு ஆப்பு வேற. 'உங்கள் செடிக்குத் தாகமாக இருக்கிறது'ன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு உசுப்பி விடுமாம். எல்லாஞ் சேத்து ஆயிரத்துச் சொச்சம்! சரி, வெதை எங்க? ஓஹோ, பெட்டி மூலையில ஒதுங்கிக் கெடக்கா. பத்துப் பாசிப்பயறு.

பாசிப்பயறுலே. உங்க ஆச்சிகிட்டக் கேட்டா அடுக்களை டப்பாவுல இருந்து ஒரு கை அள்ளிப் போடுவா. வேணாம்னாலும் போடுவா.

கோவிச்சுக்கிடாத. கேக்கதுக்குப் பதில் சொல்லு. அந்த ஊதா லைட்டு எதுக்கு? பயறு முளைக்க வெளிச்சம் எதுக்கு? முளைப்பாரிய நீ போன்லதான் பாத்துருப்பே. அது வளருத வீட்டுக்குள்ள போயிருக்கியா? சட்டியில வைக்கோலு, காஞ்ச சாணிப்பொடி, மண்ணு. மேல ஊற வச்ச பயறு, தட்டாம்பயறு, மொச்சைன்னு தானியமாத் தூவி, சன்னலைக்கூட அடைச்சுப் போட்ட இருட்டு ரூம்புல வச்சுருவாங்க. தண்ணி தெளிக்க மட்டும் உள்ள ஆள் போவும். எட்டு ஒம்போது நாள் கழிச்சு அம்மன் கோயிலுக்குத் தலையில தூக்கிட்டு வரும்போது பாரு. மஞ்ச மசேர்னு ஒரு சாணுக்கு மேல நிக்கும். எந்த வீட்டு வெதை நல்ல வெதைன்னு ஊரே பாத்துக்கிடும். வாயால ஒருத்தியும் சொல்ல மாட்டா. கண்ணு சொல்லிரும்.

இருட்டுல பச்சை பிடிக்காது. வெளிச்சம் எங்க எங்கன்னு தேடித் தண்டு மட்டும் நீண்டுக்கிட்டே போவும். இப்ப ரோசிச்சுப் பாரு. வெயிலு இல்ல. இலை ஒரு பருக்கை சமைக்கல. பெறவு ஒரு சாண் ஒசரத்துக்குச் சரக்கு எங்கருந்துலே வந்துச்சு?

தெரியலையா? காலேஜுல தாவரவியல் படிச்ச பய நீ.

சரி, ஒரு காரியம் செய். ராத்திரி நாலு கொண்டைக்கடலைய ஊறப்போடு. காலையில ஒண்ணை எடுத்து ஈரம் போகத் துணியில தொட. மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அது பக்கத்துல ஒரு தழும்பு தெரியும். நெத்துக்குள்ள காம்பு ஒட்டியிருந்த எடம் அது. தாய்ச்செடி அது வழியாத்தான் ஊட்டி வளத்துச்சு. இப்ப ரெண்டு வெரலால கடலைய மெதுவா அமுக்கு. அவசரப்படாத. தழும்பை ஒட்டி ஊசிமுனைத் துளை வழியா ஒரு பொட்டுத் தண்ணி எட்டிப் பாக்கும். அதுதான் வாசல். பூவா இருந்த காலத்துல மகரந்தக் குழாய் உள்ள போன வழி. இன்னைக்குத் தண்ணி உள்ள போறதுக்கும் அது தொறந்தே கெடக்கு. நாளைக்கு வேர் தலை நீட்டுததும் அந்த மூலையிலதான்.

தோலை உரி. பருப்பு ரெண்டா விரியும். ரெண்டையும் பிடிச்சு வச்சுக்கிட்டு மூக்கோரமா ஒரு வளைஞ்ச சங்கதி ஒட்டிக்கிட்டு இருக்கும். கூரா வெளிய பாத்து இருக்கது முளைவேர். உள்ள மடங்கிப் படுத்துருக்கது முளைக்குருத்து. அம்புட்டுத்தான்லே செடி. மிச்சம் பூராவும் சாப்பாடு. இதையே பரிச்சையில படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு மார்க்கு வாங்குனியே, அன்னைக்காவது ஒரு கடலைய உரிச்சுப் பாத்தியா? படத்தைப் பாத்துத்தானே படம் வரைஞ்சே?

அந்த ரெண்டு பருப்பும் இலைலே. சத்தியமா இலை. விதையிலைன்னு நீயே எழுதியிருக்கே. பச்சையா இல்ல, தட்டையா இல்லைன்னு இலை இல்லாமப் போயிருமா? நீ சாம்பாருல கரைச்சுக் குடிக்கது துவரஞ்செடியோட மொத ரெண்டு இலைய.

நம்ம தெருவுல ஒரு படிச்ச பிள்ளை கடையில வாங்குன துவரம்பருப்ப ஊற வச்சுட்டு, 'முளைக்கவே மாட்டேங்கு தாத்தா, கலப்படமா இருக்குமோ'ன்னு வந்து நின்னுச்சு. ஏம்மா, மில்லுல தோலை உரிச்சு, ரெண்டா ஒடைச்சு, நடுவுல இருந்த கருவையும் தள்ளிட்டுத்தான் உனக்குப் பருப்பா விக்கான். கருவே இல்லாம எது முளைக்கும்? முழுத் தொலி உளுந்து முளைக்கும், ஒடைச்ச உளுந்து முளைக்காது. அம்புட்டு லேசான சங்கதி. அரிசியும் அதே கதைதான். ஒரு பச்சரிசிய உள்ளங்கையில வச்சு வெளிச்சத்துல பாரு. ஒரு நுனி உருண்டையா இருக்கும். இன்னொரு நுனியில ஓரமாச் சின்ன மூளி விழுந்துருக்கும். கரு உக்காந்திருந்த எடம்லே அது. அந்தக் கரு எங்க? தவிட்டோட போயி மாட்டு வயித்துக்குள்ள இருக்கு. உசிரு மாட்டுக்கு, வெறும் மாவு உனக்கு. அதையும் பாலிஷ் போட்டு வெள்ளையாத் தான்னு கேட்டு வாங்குதே.

வெதைன்னா என்னன்னு சொல்லட்டா? கட்டுச்சோத்தோட பயணம் கெளம்புன குட்டிச்செடி. சோறு எல்லாரும் கொண்டுதான் போறாக. கொண்டு போற விதந்தான் வேற. பயறு, கடலை, மொச்சை எல்லாம் வீட்டுலயே வயிறு முட்டத் தின்னுட்டு வண்டி ஏறுத ஆளுக. தாய்ச்செடியில இருக்கும்போதே சோத்தை விதையிலைக்குள்ள வாங்கிரும். அதான் பருப்பு தடியா இருக்கு. நெல்லு, சோளம், ஆமணக்கு எல்லாம் பொட்டலத்தப் பிரிக்காமக் கொண்டுபோயி, எறங்குன எடத்துல பிரிச்சுத் தின்னுத ஆளுக. ஆமணக்கு முத்தைப் பக்கவாட்டுல பக்குவமாப் பெளந்து பாரு. எண்ணெய் பிசுபிசுன்னு வெள்ளையா இருக்கது பொட்டலம். அது நடுவுல ரெண்டு இலை, நரம்பு ஓடுத இலை, கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாத மெலிசுல ஒட்டிக்கிட்டு இருக்கும். கவனிக்காம நகத்தால சொரண்டுனே, போச்சு.

அந்தப் பொட்டலத்தை யாரு கட்டுனா? அதுலதான் ஒரு கூத்து இருக்கு. 1898-ல நவாஷின்னு ஒரு ரஷ்யாக்காரர் லில்லிப்பூவை வச்சு அதைக் கண்டுபிடிச்சாரு. மகரந்தக் குழாயில ஆண் செல்லு ரெண்டு வருது. ஒண்ணு முட்டையோட கூடிக் கருவாவுது. இன்னொண்ணு சும்மாத் திரும்பிப் போகல. சூலுக்குள்ள நடுவுல இருக்க செல்லோட கூடுது, அங்கதான் சோறு பொங்குது. பூக்குத செடிக்கு மட்டும் உள்ள கெட்டிக்காரத்தனம் இது. பிள்ளை உண்டானாத்தான் உலை வைக்கும். முன்னாலயே வடிச்சு வச்சுட்டுப் பிள்ளை வரலியேன்னு உக்காந்திருக்காது. நீங்க கலியாணத்துக்கு முந்தியே தொட்டிலுக்கு ஆன்லைன்ல ஆர்டர் போடுத ஆளுக.

இளநீ குடிக்கேல்ல? அது என்ன தண்ணின்னு நினைச்சே? தென்னை தன் பிள்ளைக்குக் கட்டுன சோறு அது. செவரு கட்டாத செல்லுக அப்படியே தண்ணியா மெதந்துக்கிட்டு இருக்கு. காய் முத்த முத்தச் சிரட்டை ஓரமாப் படிஞ்சு தேங்காயாவுது. சிரட்டையில கண்ணு மூணு இருக்குல்ல, அதுல ஒண்ணு மட்டும் மெத்துன்னு இருக்கும். குழாயச் சொருகிக் குடிக்கச் சின்னப் பயலுக குத்துத கண்ணு. கரு அதுக்கு நேரா உள்ள ஒளிஞ்சிருக்கு. முளை வாரதும் அதே கண்ணுலதான்.

இப்ப ரோட்டோரத்துல தேங்காப்பூன்னு ஒண்ணை அடுக்கி வச்சு விக்காங்களே, வெள்ளை உருண்டை. முன்ன அதச் சும்மாவே குடுப்பாக, இப்ப வெலையக் கேட்டா மயக்கம் வருது. முளைச்ச தேங்காயில அது என்ன சோலி பாக்கு தெரியுமா? சாப்பாட்ட உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புது. அதுவும் விதையிலைதான், வேஷம் மாறி வந்துருக்கு. பனங்கொட்டைக்குள்ள இருக்க தவுனும் அதேதான். தவுன் தின்னுருக்கியா? இல்லியா? பிட்சா தெரியும், தவுன் தெரியாது.

பனையப் பத்திச் சொல்லாம விட மனசு வரல. எல்லா முளையும் மேல வரப் பாக்கும்னுதானே நினைக்கே? பனங்கொட்டை முளைய மொதல்ல கீழ அனுப்பும். கருவையும் சேத்துத் தூக்கிக்கிட்டு அது மண்ணுக்குள்ள எறங்கும். பெறவுதான் மேல குருத்து. வறண்ட காட்டு மரம். ஈரம் எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் வீடு கட்டும். பனங்கொட்டைய நெருக்கமா அடுக்கி மண்ணை மூடிப் போட்டாத் தைப்பொங்கலுக்குக் கெழங்கு புடுங்கலாம். நீ அவிச்சுத் தின்னுட்டு நாரு நாரா வருதுன்னு மூஞ்சியச் சுளிக்கியே, அது முளைலே. சின்னப் பனைமரத்தைத் தின்னுக்கிட்டு இருக்கே.

சரி, சோறு உள்ளேயே இருக்கு. பெறவு என்னதான் கேக்கு அந்த வெதை? தண்ணி, காத்து, கொஞ்சம் கதகதப்பு. இம்புட்டுத்தான். உரம் கேக்குதா? கலர்க் காயிதம் கேக்குதா? நாலு நாளைக்கு உன் மூஞ்சிகூட அதுக்கு வேண்டாம்.

தண்ணின்னு சொன்னதும் நீ குப்பியத் தூக்குவே. அங்கதான் கெடுக்கே. பெட்டியோட வந்த புத்தகத்துல 'விதை உப்பினால் வெற்றி'ன்னு போட்டுருக்கான். கோட்டிக்காரப் பய! செத்த வெதையும் உப்பும்லே. தண்ணியக் குடிச்சுப் பெருக்க உசிரு எதுக்கு? தோலைக் கிழிச்சுக்கிட்டு வேர் வந்தாத்தான் முளை. உள்ள உசிரு இருக்க வெதை தண்ணி குடிச்ச ஒடனே மூச்சு விட ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்து நீ முக்கி வச்சா மூச்சு முட்டி அழுகிரும். முந்தி ஊறப்போட்ட பயறு பூராவும் நாறிப் போச்சுன்னு அன்னைக்கு அழுதியே, கொன்னது யாரு?

தாமிரவருணிக்கரைச் சம்சாரிகளப் போயிப் பாரு. முட்டை மெதக்குத அளவுக்குத் தண்ணியில உப்பைக் கரைச்சு அதுல வெதைநெல்லக் கொட்டுவாக. பதரும் அரைக்காயும் மேல மெதக்கும். வழிச்சு எறிஞ்சுட்டு, முங்குன நெல்லை நல்ல தண்ணியில அலசி ஊற வைப்பாக. ஊறுனதும் வடிச்சுச் சாக்குல கட்டி, வைக்கோலப் போட்டு மூடி வச்சுருவாக. மறுநா அந்தச் சாக்குக்குள்ள கையை விட்டுப் பாருலே. சுடும்! யாரு அடுப்பு வச்சா? அம்புட்டு நெல்லும் மூச்சு விடுத சூடு. ரொம்பச் சூடேறுனா வெந்துரும்னு தண்ணியத் தெளிச்சுப் பெரட்டிக் குடுப்பாக. வெள்ளையா முனை எட்டிப் பாத்ததும் நாத்தங்காலுக்குப் போயிரும். இம்புட்டுக்கும் கருவி என்ன? ஒரு முட்டை, ஒரு சாக்கு. முட்டையப் பெறவு அவிச்சுத் தின்னுக்கிடலாம்.

நெல்லோட இன்னொரு வித்தையுங் கேளு. ஈர மண்ணுல போட்டா வேர முன்னால விடும். காத்து இல்லாத தண்ணியில முங்கிக் கெடந்தா வேர நிறுத்திட்டு, மொதல்ல மேல மூச்சுக்குழலா முனைய நீட்டும். சூழ்நிலையப் பாத்து முறைய மாத்துது. நீ ஆப்பு சொன்னபடிதான் நடப்பேன்னு நிக்கே.

அந்த ஆப்புல ஒரு வீடியோ காட்டுனியே, வெதைய எந்தப் பக்கம் பாக்க நடணும்னு செவப்பு அம்பு போட்டு. அதப் பாத்து நான் சிரிச்ச சிரிப்புல பல்லுசெட்டு கழண்டு போச்சு. தலைகீழாப் போட்டாலும் வேர் கீழதான் வரும். 1806-லேயே தாமஸ் நைட்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் இதைச் சோதிச்சுட்டாரு. தோட்டத்து ஓடைத் தண்ணியில ஒரு சக்கரத்தைச் சுத்த விட்டு, அதுல மொச்சை வெதைகளக் கட்டி வச்சாரு. வேர் எல்லாம் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் போச்சு, குருத்து எல்லாம் நடு அச்சைப் பாத்து வந்துச்சு. இழுக்குத விசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வேர். உன் செவப்பு அம்புக்கு அங்க என்ன சோலி?

வெளிச்சமே எந்த வெதைக்கும் வேண்டாமான்னு நீ கேக்கணும். கேக்க மாட்டே, நானே சொல்லுதேன். சிலதுக்கு வேணும். பொகையிலை வெதை, லெட்டூஸ் கீரை வெதை. தூசி தூசியா இருக்கும். பொட்டலத்துல சோறு ரொம்பக் கொஞ்சம். ஆழத்துல முளைச்சா மேல வந்து சேரதுக்குள்ள தீந்துரும். அதான் வெளிச்சம் பட்டாத்தான் எந்திரிக்கும். அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில்லுங்கிற ஊர்ல 1952-ல போர்த்விக்கு, ஹென்ட்ரிக்ஸுன்னு ரெண்டு பேரும் கூட்டாளிகளும் லெட்டூஸ் வெதைய வச்சு வெளாண்டாக. செவப்பு வெளிச்சம் காட்டுனா முளைக்குது. அதையும் தாண்டுன தொலைச்செவப்பைக் காட்டுனா முளைக்கல. மாத்தி மாத்திக் காட்டிக்கிட்டே இருந்தா? கடைசியா எது பட்டுச்சோ அதும்படிதான். உன் லைட்டு ஊதா எரிஞ்சு பாசிப்பயறுக்கு என்னத்தச் சொல்லுது? பயறு அதைச் சட்டையே பண்ணாது.

பொறுமைன்னா அமெரிக்காக்காரங்கள்லயே ஒருத்தரச் சொல்லணும். மிச்சிகன்ல வில்லியம் பீல்னு ஒரு வாத்தியாரு 1879-ல இருவது குப்பியில மண்ணோட களைவெதைகளக் கலந்து, தண்ணி தங்காம இருக்க வாய் கீழ பாக்கச் சாய்ச்சுப் பொதைச்சாரு. எத்தனை வருசம் உசிரு தாங்கும்னு பாக்கணும். மொதல்ல அஞ்சு வருசத்துக்கு ஒரு குப்பி, பெறவு பத்து, இப்ப இருவது வருசத்துக்கு ஒண்ணு. 2021-ல அடுத்த தலைமுறை வாத்தியாருமாரு விடியக்கருக்கல்ல, இருட்டுலயே போயித் தோண்டுனாக. பகல் வெளிச்சம் பட்டு வெதை முந்திக்கிடக் கூடாதுன்னு. 140 வருசத்துக்கு மேல பொதைஞ்சு கெடந்த வெர்பாஸ்கம்ங்கிற களைச்செடி வெதை முளைச்சுச்சு. அடுத்த குப்பி 2040-ல. நீ காலையில வெதைச்சுட்டு மத்தியானம் தோண்டிப் பாக்க ஆளு.

எல்லா வெதைக்கும் தூக்கம் ஒரே அளவு இல்ல, அதையுங் கேட்டுக்கோ. இஸ்ரவேல்ல மசாதாக் கோட்டையில தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டை, சுமார் 2000 வருசத்துப் பழசு, 2005-ல நட்டதும் முளைச்சுச்சு. நம்ம வேப்பங்கொட்டை? சில வாரந்தான். ஆனி ஆடியில பழம் விழுந்ததும் சதைய அலசி நிழல்ல ஒலத்திப் போட்டாத்தான் உண்டு. மாங்கொட்டை, பலாக்கொட்டை காஞ்சாலே உசிர விட்டுரும். இந்த வெவரம் தெரியாமத்தான் போன சித்திரையில உங்க கூட்டம் வெதைப்பந்து வீசுச்சு. பனியன் ஒரே கலர்ல, பேனரு, ட்ரோனு, பந்துக்குள்ள போன வருச வேப்பங்கொட்டை. வீசுனது கரிசக் காட்டுல, மண்ணு பாளம் பாளமா வெடிச்சு நிக்குத கோடையில. வெதைப்பந்துல தப்பு இல்லலே. காலத்துக்கு, மண்ணுக்கு, வெதைக்குப் பாத்துச் செஞ்சா முளைக்கும். நீங்க படத்துக்குச் செஞ்சீக. படம் நல்லா வந்துச்சு.

சீமைக்கருவேலத்துக்கு யாரு பேனரு கட்டுனா? ஆடு இனிப்பா இருக்குன்னு நெத்தத் தின்னுச்சு. கெட்டித் தோலு உள்ள வெதை வயித்துக்குள்ள ஊறித் தோல் எளகிப் புழுக்கையோட விழுந்துச்சு, எருவும் இலவசம். இன்னைக்கு ஜில்லா ஜில்லாவா நிக்கு. வெட்ட வெட்ட வருது.

அது கெடக்கட்டும். வெதை வாங்கணும்னா வாங்கு, வேண்டாம்னு சொல்லல. மூட்டையில நீலச்சீட்டு இருக்கான்னு பாரு. சான்று பெத்த வெதைக்கு அதுதான் அடையாளம். நெல்லுன்னா நூத்துக்கு 80-ஆவது முளைக்கணும்னு சட்டம் இருக்கு. சோதனைக்கூடத்துல 400 வெதைய எண்ணி முளைக்க விட்டுத்தான் கணக்குச் சொல்லுதாக. அது நியாயமான வேலை. அதை நான் கேலி பண்ண மாட்டேன். வீட்டுலயும் பண்ணலாம். நூறு வெதைய ஈரச்சாக்குல சுருட்டி வச்சு எண்ணிப் பாரு. உன் பெட்டியில முளைப்புத் திறன் எத்தனைன்னு எங்கயாவது போட்டுருக்கானா? தேதியாவது இருக்கா? லைட்டுக்கு மட்டும் ரெண்டு வருசம் கேரண்டி.

சரி, எந்திரி. பேசிக்கிட்டே இருந்தா ஈரம் காஞ்சிரும். ஞாயித்துக்கிழமை நம்ம காட்டுல வெதைப்பு. மல்லிய முந்தின நாளே ஒடைச்சு வைக்கணும். மல்லி முழு உருண்டையா இருக்கே, அது காய்லே, உள்ள வெதை ரெண்டு. தேச்சு ரெண்டா ஒடைச்சாத்தான் நல்லா முளைக்கும். அந்தச் சோலி உங்க ஆச்சி பாத்துக்கிடுவா, உன்னை நம்பிக் குடுத்தா மாவாக்கிருவே. பக்கத்துல மக்காச்சோளம் போடுதோம். போட்ட அன்னைக்கே மயிலு வரிசையா வந்து ஒவ்வொண்ணாக் கிண்டி எடுக்குது. படம் எடுத்துப் போட்டு 'அழகு'ன்னு லைக்கு வாங்குதியே, அதே மயிலுதான். அத வெரட்ட ஒரு ஆள் வேணும். அதுக்குப் படிப்பு வேண்டாம், அவயம் போடத் தெரிஞ்சாப் போதும். அதுல உன்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆளு ஏது?